ஹீட்டர்ல ஒண்ணும் இல்லையாம்

...ஒண்ணும் இல்லையாம் தம்பி. ரெண்டு பேர் வந்து பாத்தாங்க, ரெண்டு பேரும் அதையேதான் சொல்லிட்டுப் போனாங்க, ரூம் சூடாக்கற இந்த கேஸ் ஹீட்டர்ல ஒண்ணும் இல்லையாம். அப்ப நான் என்ன, பொழுது போகாம உங்க கம்பெனிக்கு போன் போட்டு ஆள் அனுப்புங்க, ஆள் அனுப்புங்கன்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கேனா? அந்தா பாருங்க, மெஷின் பக்கத்துல மலையா குமிஞ்சு கெடக்கு. ஜன்னல் திரை, தலகாணி உறை, ரெண்டாவது மாடி வீட்டு சோபாவுக்கு மேலுறை... எல்லாம் இந்த வாரத்துக்குள்ள தச்சுக் குடுக்கணும். உக்காருங்க, அந்த ஸ்டூல்லயே உக்காருங்க. துணி இருந்தா கீழ தள்ளிடுங்க, பரவால்ல.

நீங்க வேற ஒம்பதரைக்கு வருவீங்கன்னு சொல்லிட்டு ஒம்பதுக்கே வந்து நிக்கறீங்க. வீடு இருக்கற லட்சணத்தப் பாருங்க. யாராவது வராங்கன்னா நான் முதல்ல ஜன்னல், பால்கனி கதவு எல்லாத்தையும் தொறந்து விட்டு, நூலும் தூசியும் போகப் பெருக்கி, ஒரு தடவ தொடச்சு விட்டுடுவேன். தையக்காரி வீடு குப்பையா இருக்குன்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது பாருங்க. இப்பக் கூட ஒரு நிமிஷம், ஜன்னல மட்டும்... என்னது? தொறக்க வேணாமா? எப்பவும் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கணுமா? சரி, உங்க இஷ்டம். இதுக்கு முன்னால வந்த யாரும் இப்படிச் சொன்னதில்ல. எனக்கும் நல்லதுதான், குளிர்ல வெரல் வெறச்சுப் போனா ஊசில நூல் கோக்க முடியல.

கழட்டிப் பாக்க மாட்டீங்களா? சும்மா எரியறதப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கப் போறீங்களா? ம்... பாருங்க, பாருங்க. காலைல ஆறு மணிலேந்து மூணு தடவ பத்த வச்சிட்டேன். இப்ப நீங்க பத்த வச்சது நாலாவது. இதோட குணம் என்னன்னு சொல்றேன் கேளுங்க. பத்த வச்ச உடனே என்னமோ பெரிய சாது மாதிரி நீலமா நின்னு எரியும். அரை மணி, முக்கா மணி ஆனதும் டப்புன்னு ஒரு சத்தம். அணைஞ்சுடும். அதுவும் எப்ப? நான் ஒரு நீளத் தையல்ல பாதில இருக்கும்போதுதான் அணையும். எங்கேந்துதான் பாத்துக்கிட்டு இருக்குமோ தெரியல.

முதல்ல வந்தாரு பாருங்க, பெரிய மீசை வச்சவரு... உங்களுக்குத் தெரிஞ்சவரா? நல்ல மனுஷன்தான், குத்தம் சொல்ல மாட்டேன். பிரஷ்ஷால தேச்சாரு, ஊதினாரு, துடைச்சாரு, ஒரு மணி நேரம் உக்காந்து ரெண்டு டீ குடிச்சாரு. அணையணுமே? ம்ஹூம். எனக்குன்னா மானம் போகுது. அணையும் பாருங்க, இப்ப அணையும் பாருங்கன்னு நானும் அது எதுக்கவே நிக்கறேன். இது என்னடான்னா எம் பேச்சக் கேட்டு எம் பேரைக் கெடுக்கணும்னே எரியுது. 'நல்லா இருக்கு'ன்னு சீட்டுல எழுதிக் குடுத்துட்டு அவரு போனாரு. நான் ஜன்னலையெல்லாம் சாத்திட்டு மெஷின்ல உக்காந்தேன். அவரு ஆபீசு போய்ச் சேந்திருக்க மாட்டாரு தம்பி. டப்பு.

ரெண்டாவதா வந்தவரு எந்நேரமும் காதுல போன வச்சுக்கிட்டே வேலை பாத்தாரு. அவரு பேரு எனக்குத் தெரியாது, நாங்க போன்காரர்னே வச்சுக்கிட்டோம். அவருதான் சொன்னாரு, உள்ள ஒரு சென்சார் இருக்காம், அதுதான் அணைக்குதாம். சரின்னு அதையும் புதுசா மாத்தினாரு. அவரு இருந்தவரைக்கும் எரிஞ்சுது, போய் முக்கா மணில டப்பு. திரும்பவும் கூப்பிட்டேன். எனக்கு வந்த கோவத்துல என்ன சொன்னேன் தெரியுமா? அந்த சென்சார் அணைக்குதுன்னா அதையே புடுங்கி எறிஞ்சிட்டுப் போங்கன்னேன். ஏன் தம்பி இப்படி முழிக்கிறீங்க? அவரும் இதே முழிதான் முழிச்சாரு. முடியவே முடியாதுன்னுட்டாரு. நான் விட்டேனா, உங்க ஆபீசுக்கு ஒரு லெட்டர் போட்டேன். மரியாதை தெரியாத ஆள், சொன்ன வேலையைச் செய்யறதில்லன்னு ரெண்டு பக்கத்துக்கு எழுதினேன். கெடக்கட்டும்.

எங்க வீட்டுக்காரரைக் கேட்டா ஒரு பதில் வராது. கார் ஓட்டக் கத்துக் குடுக்கற ஸ்கூல்ல இருக்காரு. காலைலேந்து சாயங்காலம் வரைக்கும் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் வித்தியாசம் தெரியாதவங்க பக்கத்துல உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டு வராரு. பாவம்தான். அங்க நல்லா இருக்காராம் தம்பி, சிரிக்கச் சிரிக்கப் பேசறாராம், அவருகிட்ட கத்துக்கற பொண்ணு ஒருத்தி எங்கிட்டத் தைக்கக் குடுப்பா, அவ சொல்றா. 'சார் செம ஜாலி ஆன்ட்டி'ங்கறா. இங்க வந்து அந்த நாற்காலில உக்காந்தா பத்தாவது நிமிஷம் தலை தொங்கிடும். நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருப்பேன், திரும்பிப் பாத்தா ஆளு தூங்கறாரு. எழுப்பினா தலைவலிங்கறாரு. ரெண்டு தடவ கண்ணாடி மாத்தியாச்சு. கண்ணு டாக்டர் இனிமே வராதீங்கன்னு கும்பிட்டுட்டாரு.

நான் ஒரு நாள் கேட்டே விட்டேன். வெளில போனா சிரிப்பு, வீட்டுக்கு வந்தா தூக்கம். என் மூஞ்சியப் பாத்தா உங்களுக்குத் தூக்கம் வருதா? அப்படித்தான் கேட்டேன். அவரு 'தெரியலடி, என்னமோ ஒரு மாதிரி கெறக்கமா இருக்கு'ன்னாரு. தெரியலயாம். இல்லன்னு சொல்லலாம்ல தம்பி? ஒரு வார்த்தை, இல்லன்னு... நீங்க அதையே பாருங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. நானும் அதுலேந்து அவருகிட்டத் தேவைக்கு மேல பேசறதில்ல. ரெண்டு மாசம் ஆகப் போகுது. அதான் இப்ப உங்க காது மாட்டிக்கிச்சு.

இதெல்லாம் விடுங்க, முக்கியமான விஷயத்துக்கு வரேன். உங்க கையில இருக்கு பாருங்க அந்தச் சீட்டு, அதுலதான் எங்க குடித்தனமே தொங்குது. கீழ் வீட்டு டீச்சரம்மாதான் எங்க ஹவுஸ் ஓனர். முப்பது வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தவங்க. இன்னமும் வீட்டுல சிவப்பு மைதான். படியில ஈரத்துணி சொட்டுச்சுன்னா சிவப்பு மையில நோட்டீஸ் எழுதி ஒட்டுவாங்க, அதுல நான் பதில் எழுதினா என் தப்பெழுத்தையும் சிவப்பு மையில வட்டம் போடுவாங்க. ஹீட்டரை மாத்திக் குடுங்கன்னு நான் கேக்கறேன், நல்ல ஹீட்டரை எதுக்கு மாத்தணும்னு அவங்க கேக்கறாங்க. மெக்கானிக்கே நல்லா இருக்குன்னு எழுதிட்டாராம். பேச்சு வளந்து வளந்து, போன வாரம் ஒரே முடிவாச் சொல்லிட்டாங்க. மூணாவது ஆளும் வரட்டும். கோளாறுன்னு எழுதினா புது ஹீட்டர். நல்லா இருக்குன்னு எழுதினா, ஒண்ணுமில்லாததுக்கு வருஷம் பூரா சண்டை போடறவங்க எனக்கு வேணாம், மாசக் கடைசில வீட்டக் காலி பண்ணிடுங்கன்னுட்டாங்க.

காலி பண்ணிட்டு எங்க போறது? ஒம்பது வருஷம் தம்பி. இந்த ஜன்னல் வெளிச்சத்துக்காகவே இந்த வீட்டப் புடிச்சோம். கறுப்புத் துணில கறுப்பு நூல் போட்டா கூட பளிச்சுன்னு தெரியும். இந்தத் தெருவுல பாதி வீட்டு ஜன்னல்ல தொங்கற திரை நான் தச்சது. இன்னொரு தெருவுக்குப் போனா நான் யாரு, எனக்கு யாரு குடுப்பா? அதனால பெரிசா ஒண்ணும் எழுத வேணாம். 'ஹீட்டர் கோளாறு.' ரெண்டே வார்த்தை. பத்து மணிக்கு டீச்சரம்மா வருவாங்க சீட்டு வாங்க. பத்துன்னா பத்து, மணி அடிக்கறதுக்கும் அவங்க கதவத் தட்டறதுக்கும் நடுவுல நூல் நுழையாது.

டீ போடவா? தலை லேசா வலிக்குது எனக்கும், பேசிப் பேசி... உங்களுக்கும் வலிக்குதா? நான் பேசினதுலயா? அட, எங்க போறீங்க, கதவை ஏன்...

பாத்தீங்களா. பாத்தீங்களா தம்பி. டப்புன்னுச்சா இல்லையா? காதால கேட்டீங்கள்ல? கண்ணால பாத்தீங்கள்ல? அப்பாடா. இந்த ஒரு சத்தத்துக்காக நான் எத்தனை பேருகிட்ட மூக்கறுபட்டிருக்கேன் தெரியுமா? எழுதுங்க. மொதல்ல எழுதுங்க, அப்புறம் டீ.

ஏன் எழுத மாட்டேங்கறீங்க? ஹீட்டரை விட்டுட்டுச் சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்கறீங்களே. எது? அதுவா? எல்லாரும் கேப்பாங்க. அழகா இருக்குல்ல? ஜன்னல் திரை தச்ச துணில மிச்சம் இருந்துது, அதே பூ, அதே ஓரம். மீசைக்காரர் கூட, என்னம்மா சுவத்துல தொங்கற பூவெல்லாம் நீங்களே தைப்பீங்களான்னு கேட்டாரு. அது வெறும் அலங்காரம் இல்ல தம்பி, பின்னால ஓட்டை இருக்கு. கட்டினவன் புத்தியப் பாருங்க, இவ்வளவு காசு போட்டு வீடு கட்டிட்டு சுவத்துல ஓட்டை விட்டிருக்கான். மேல ஒண்ணு, அந்த பீரோவுக்குப் பக்கத்துல கீழ ஒண்ணு. குளிர்காலத்துல அதுவழியா வர காத்து கழுத்துல கத்தி வச்ச மாதிரி இருக்கும். அதான் போன மழை முடிஞ்ச கையோட ரெண்டுக்கும் உறை தச்சேன். சும்மா துணி இல்ல, உள்ள ரெண்டு அடுக்கு பஞ்சு, நடுவுல ரெக்ஸின், சுத்தி எலாஸ்டிக். ஒரு பொட்டுக் காத்து வராது. வேணும்னா கைய வச்சுப் பாருங்க.

ஏன் பிச்சு எடுக்கறீங்க? மெதுவா, மெதுவா, தையல் விட்டுடும்... என்ன தம்பி இது, கேக்காம... ஜன்னலையும் தொறக்கறீங்க...

என்னது? திரும்பச் சொல்லுங்க.

காத்து கம்மியானா அணைக்கறதுக்குத்தான் அந்த சென்சாரா? இந்த ஓட்டை அடைபடவே கூடாதா? அதெப்படி காத்து இல்லாம போகும், நாமதான் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கோமே. எனக்குக் காது குத்தாதீங்க, நான் ஒண்ணும்... அப்ப அவங்க ரெண்டு பேரும் வந்தப்ப ஏன் அணையல? ஜன்னல்... ஆமா. தொறந்துதான் வச்சிருந்தேன். பெருக்கறதுக்காக. ரெண்டு தடவையும், இல்ல மூணு தடவையும்.

தலைவலியா? எனக்கு மத்தியானத்துல வரும். அவருக்கு சாயங்காலம். ஆமா, கெறக்கம். வெளில போனா சரியாப் போயிடும். ஆமா தம்பி, ஆமா. எல்லாத்துக்கும் ஆமாதான். சென்சாரைப் புடுங்கியிருந்தா? அணையாம எரிஞ்சு, ரூமெல்லாம் வெஷக் காத்தாகி... சொல்ல வேணாம், விடுங்க. போன்காரர் மாட்டேன்னாரே, அந்த மனுஷன் மேலயா ரெண்டு பக்கம் லெட்டர் போட்டேன். கொஞ்சம் உக்காந்துக்கறேன். அவரு அந்த நாற்காலில தூங்கித் தூங்கி விழுந்தாரே, நான் பக்கத்துல உக்காந்து நூல் கோத்துக்கிட்டு சோம்பேறி, சோம்பேறின்னு திட்டிக்கிட்டு இருந்தேனே.

இல்ல, தண்ணி வேணாம். ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தானே இது தெரியும். உறையை எடுத்துட்டேன், இனிமே சாமி சத்தியமா மாட்ட மாட்டேன். சீட்டுல மட்டும் சின்னதா ஏதாவது... ஒரு திருகாணி லூசுன்னு எழுதக் கூடாதா? திருகாணி லூசாகறது உலகத்துல நடக்காத விஷயமா? எனக்கு புது ஹீட்டர் கூட வேணாம், இந்த வீட்ல இருந்தா போதும். அந்தம்மா முன்னால நான் எப்படிப் போய் நின்னு... முடியாதுன்னு தலையாட்டறீங்க. சரி. சரி, புரியுது. பொய் எழுத மாட்டீங்க. உங்க ஆபீசுல நல்ல ஆளாப் பாத்துத்தான் வேலைக்கு வச்சிருக்காங்க, எனக்குத்தான் அது ஒத்து வரல.

எப்படியோ இந்த சென்சார்னு ஒண்ணு இருக்கவே நாங்க தப்பிச்சோம். எல்லா ஹீட்டர்லயும் வச்சிருப்பாங்கள்ல? பழசுல? பழசுல கெடையாதா? எவ்வளவு பழசு? இருபது வருஷத்துக்கு முன்னாலன்னா...

தம்பி, எழுந்திரிங்க.

எழுந்திரிங்க தம்பி, பையெல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம். கீழ் வீட்ல இருக்கறது அவங்க வீட்டுக்காரர் இருந்த காலத்து ஹீட்டர். ஒரு நாள் கூட அணைஞ்சதில்லன்னு பெருமையாச் சொல்லுவாங்க. அந்த வீட்டு ஓட்டைக்கும் நான் உறை தச்சுக் குடுத்தேன் தம்பி. போன வாரம் சண்டை போட்டேன்ல, மறுநாள் மனசு கேக்கல, வயசானவங்க, தனியா இருக்காங்கன்னு... மூணு சாயங்காலம் உக்காந்து இதே மாதிரி தச்சுக் கொண்டு போய்க் குடுத்தேன். நல்லா இறுக்கி மாட்டுங்கம்மா, பொட்டுக் காத்து வராதுன்னு வாய் நிறையச் சொல்லிட்டு வந்தேன். மணி என்ன ஆச்சு? பத்தே காலா? பத்துக்கு வரேன்னவங்க எங்க? அவங்க ஒரு நிமிஷம் தவற மாட்டாங்க தம்பி, வாங்க, செருப்பு வேணாம், வாங்க.

பாத்து, அந்தப் படி ஒடஞ்சிருக்கும். அதுக்கும் ஒரு சண்டை போட்டிருக்கேன். நான் போட்ட சண்டைக்கெல்லாம் அவங்க நோட்டீஸ் எழுதுவாங்களே தவிர ஒரு நாள் கத்தினதில்ல தம்பி. எனக்கு டைபாய்டு வந்தப்போ எட்டு நாள் கஞ்சி வச்சு மேல அனுப்பினாங்க. அதையும் நான் உப்பு இல்லன்னு சொல்லிட்டுதான் குடிச்சேன். நீங்க தட்டுங்க, எனக்குக் கை வரல. பலமாத் தட்டுங்க. டீச்சரம்மா... டீச்சரம்மா, நான்தான் மேல் வீடு. கதவத் தொறங்கம்மா. வீடு வேணாம், ஹீட்டர் வேணாம், நீங்க கதவ மட்டும் தொறங்க...

அம்மா.

நல்லா இருக்கீங்களா? தலை வலிக்குதா? கெறக்கமா இருக்கா? இங்க பாருங்க, என் வெரலைப் பாருங்க, எத்தனை? மூணுதான், சரியாத்தான் சொல்றீங்க. அப்ப ஏன் பத்து மணிக்கு வரல? என்ன கையில, சிவப்பு மை. காலி பண்ணச் சொல்லி எங்களுக்கு நோட்டீஸா? மூணு தடவ எழுதிக் கிழிச்சு, நல்லா எழுதிக்கிட்டு இருந்தீங்களா? எழுதுங்கம்மா, எழுதுங்க. தாராளமா எழுதுங்க. கொஞ்சம் வழி விடுங்க, உள்ள போகணும், தம்பி நீங்களும் வாங்க.

எங்க? ஓட்டை தொறந்துதான் இருக்கு. காத்து வருது, ஜில்லுன்னு வருது. நான் தச்ச உறை எங்கம்மா? பால்கனிலயா?

கொடில தொங்குது. உள்ள என்ன... துணி கிளிப்பு. மூணு சாயங்காலம் உக்காந்து, கண்ணு எரிய எரிய, ரெண்டு அடுக்கு பஞ்சு வச்சுத் தச்சேன், நீங்க அதுல துணி கிளிப்பு போட்டு வச்சிருக்கீங்க. ஒரு நாளாவது சுவத்துல மாட்டினீங்களா? ஓட்டைன்னா தொறந்துதான் இருக்கணும், கட்டினவன் காரணம் இல்லாமலா விட்டான்னு தோணுச்சா? தோணினத எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? நான் வருத்தப்படுவேன்னா? நான் வருத்தப்படுவேன்னு நீங்க பாத்தீங்க, நான்... இல்லம்மா, கோவம் இல்ல. கிளிப்பே போட்டு வைங்க. அதுக்குன்னே தச்சதுன்னு வச்சுக்கங்க. பத்தாதுன்னா இன்னொண்ணு தச்சுத் தரேன். அழல, மாடிப்படி ஓடி வந்தேன்ல, மூச்சு வாங்குது.

சீட்டு தம்பிகிட்ட இருக்கு. அவரு எழுதறதுக்கு முன்னால நானே சொல்லிடறேன். ஹீட்டர்ல ஒண்ணும் இல்லம்மா. நான்தான். உங்களுக்குக் குடுத்தேனே, அதே உறையை எங்க வீட்டு ஓட்டைக்கும் மாட்டி காத்தை அடைச்சுட்டேன், அது எங்க உயிரைக் காப்பாத்தறதுக்காக அணைஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. அதைத்தான் கோளாறு, கோளாறுன்னு உங்ககிட்ட வந்து கத்தினேன். ஒம்பது வருஷத்துல என் வாயால 'நான்தான்'னு நீங்க கேட்டதில்லன்னு எனக்குத் தெரியும். அதுக்காக அப்படிப் பாக்காதீங்க. அந்த நோட்டீஸக் குடுங்க, எங்க கையெழுத்துன்னு சொல்லுங்க, போடறேன்.

என்னம்மா, மடிக்கிறீங்க? கிளிப்போட சேத்து அந்த உறைக்குள்ள போடறீங்களே, எனக்குக் குடுக்க வேணாமா? அப்ப... நாங்க மேலயே இருக்கலாமா? நிஜமாவா?

உக்காரச் சொல்லாதீங்க, உக்கார நேரம் இல்ல. தம்பி எங்க, மேல போயிட்டாரா? போகட்டும், பாவம், இன்னிக்கு அவரு கேட்டது போதும். எனக்கு ஒரு போன் பண்ணணும்மா, உங்க போனைக் குடுங்க, என்னது மேல இருக்கு. பாடம் நடக்கற நேரத்துல கூப்பிட்டா திட்டுவாரு, பக்கத்துல எவளாவது பிரேக்குன்னு நினைச்சு எதையாவது மிதிச்சுக்கிட்டு இருப்பா. திட்டட்டும். வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லிட்டுக் கேளுங்கன்னு சொல்லப் போறேன். காத்து இல்லாமதான் உங்களுக்குத் தூக்கம் வந்துச்சாம், என் மூஞ்சியப் பாத்து இல்லையாம்.